தகப்பனார் பெயர்: அவரு

என் அப்பாவின் அடையாள அட்டையில் அவர் பெயரை அடுத்து ஓர் எஸ், ஒரு சாய்கோடு, ஓர் ஓ இருக்கும். அதை அடுத்து அவருடைய அப்பாவின் பெயர். எஸ் சாய்கோடு ஓ என்றால் ‘இன்னாருடைய மகன்’. குடும்பப் பெயர் இல்லாத தமிழர்களை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் வெள்ளைக்காரன் செய்துவைத்த ஏற்பாடு. அவன் கப்பலேறிப் போய்விட்டான். சாய்கோடு சிங்கப்பூரிலேயே தங்கிவிட்டது.

அந்தச் சாய்கோட்டால் எனக்கு நேர்ந்த அவமானங்களை வைத்தே நான் பாதிப் பிழைப்பை நடத்தியிருக்கிறேன். தொழில், கல்யாண மண்டபங்களிலும் சமூக மன்றங்களிலும் நகைச்சுவைப் பேச்சு. விமான டிக்கெட் போடும் கணினிக்குச் சாய்கோடு ஆகாது. அதை விழுங்கிவிட்டு எஸ்ஸையும் ஓவையும் மட்டும் ஒட்டித் துப்பும். ‘சோ’ என்பது சீனர்களில் நல்ல குடும்பப் பெயர். “மிஸ்டர் சோ! மிஸ்டர் சோ!” என்று கூப்பிடுவார்கள். நான் போய் நிற்பேன். கவுண்டரில் இருக்கும் பெண் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பாள், மிஸ்டர் சோ வருகிறாரா என்று.

என் மகளுக்கு டி சாய்கோடு ஓ. அவள் மிஸ் டோ. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அவள் சாய்கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டாள். இப்போது நான் ஓர் எழுத்தாகவும் ஒரு புள்ளியாகவும் அவள் பெயருக்கு முன்னால் தொற்றிக்கொண்டிருக்கிறேன். அவசரத்தில் புள்ளியைப் போட மாட்டாள்.

அப்பாவுக்கு நேர்ந்ததன் முன்னால் இதெல்லாம் சில்லறைத் தொல்லை. சாய்கோட்டுக்குப் பிறகு அவருக்கு இருந்த பெயர், ‘அவரு’. ஆங்கில எழுத்துகளில், கடைசியில் இரண்டு ஓ போட்டு, அவரு. அப்பா, அவருடைய மகன்.

நடந்தது இதுதான். அப்பா பிறந்து சில வாரங்களில் அவருடைய அம்மா கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பிறப்பைப் பதிய அலுவலகத்துக்குப் போனார். தனியாகத்தான் போனார். கணவர் நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறியிருந்தார். “ரெண்டு மாசத்துல வந்துடுறேன்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அலுவலகத்தில் இருந்த மலாய்க்காரக் குமாஸ்தா, பிள்ளையின் அப்பா பெயரென்ன என்று கேட்டார். கட்டிய புருஷன் பெயரை வாயால் சொல்கிற வழக்கம் அந்த அம்மாவுக்கு இல்லை. சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும். பெயரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தார். குமாஸ்தாவுக்குத் தமிழ் தெரியாது.

“நேம்? யுவர் ஹஸ்பண்ட் நேம்?”

“அவரு...” என்று இழுத்தார்.

“அவரூ?”

“ஆமாங்க. அவருதான்.”

குமாஸ்தா திருப்தியாக எழுதிக்கொண்டார். அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அப்பா பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அதற்குள் இரண்டு மாதம் ஆறு வருஷமாகியிருந்தது. பெயருக்குரியவர் வரவேயில்லை. கடிதமும் இல்லை, தகவலும் இல்லை. எதற்காக அந்த அம்மா அவர் ஆயுளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாரோ தெரியவில்லை, கடைசிவரை பெயரைச் சொல்லாமலே கண்ணை மூடினார்.

வேறு யாரிடமாவது கேட்டிருக்கலாமே என்று தோன்றும். அந்த மனிதரை யாருமே பெயர் சொல்லி அழைத்ததாகத் தெரியவில்லை. மனைவிக்கு ‘அவரு’. தம்பிக்கு ‘அண்ணே’. அக்கம்பக்கத்தாருக்கு ‘வீட்டுக்காரரு’. துறைமுகத்தில் அவருக்கு வேறு ஏதோ பட்டப்பெயர். ஒரு முழு மனிதர் வெறும் உறவுமுறையாகவே வாழ்ந்துவிட்டுப் போயிருக்கிறார். தம்பி உயிரோடிருந்தபோது அப்பா கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. “போனவன் பேரு எனக்கெதுக்கு?” என்பார். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு எப்போதும் அந்த இடத்தில் முடிந்துவிடும்.

அப்பா வேலை பார்த்தது ஓர் அரசாங்க மருந்தகத்தில், பதிவு மேசையில். நோயாளிகளைப் பெயர் சொல்லி அழைப்பதுதான் முப்பது வருஷ உத்தியோகம். மற்றவர்கள் நம்பர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கிய பிறகும் அவர் பெயர்தான் சொல்வார். சீனப் பெயரின் ஏற்ற இறக்கமெல்லாம் அவர் நாக்கில் சரியாக விழும். சந்தேகம் வந்தால் எழுந்து போய் அந்த ஆளிடமே கேட்டுவிட்டு வந்து கூப்பிடுவார். “அவரு! மிஸ்டர் அவரு!” என்று தன்னையே பல மருந்தகங்களில் பலர் கூப்பிட்டுக் கேட்ட காது அது.

இன்னொரு பழக்கமும் உண்டு. கீழே கடைக்கு ரொட்டி வாங்கப் போனாலும் வாசலில் நின்று, “வந்துர்றேன்” என்பார். எத்தனை மணிக்கு என்றும் சொல்வார். சொன்ன மணிக்கு வந்துவிடுவார். ஒருமுறை கொட்டுகிற மழையில் தொப்பலாக நனைந்து வந்து நின்றார். “ஒதுங்கி நின்னுட்டு வந்திருக்கலாமேப்பா” என்றேன். “அஞ்சேகால்னு சொன்னேன்ல?” என்றார். தகப்பன் எப்படி இருக்க வேண்டும் என்று அவருக்குக் காட்டித்தர ஆளில்லை. எப்படி இருக்கக் கூடாது என்பதில் ஒரே ஒரு விஷயம் தெரிந்திருந்தது. அதை வைத்துக்கொண்டு என்னை வளர்த்து முடித்தார்.

நான் மேடையேறத் தொடங்கியதும் ‘அவரு’ கதையை எடுத்துவிட்டேன். இவ்வளவு நல்ல சரக்கை வீட்டில் வைத்துக்கொண்டு நான் ஏன் வெளியே அலைய வேண்டும்? அப்பாதான் அனுமதி கொடுத்தார். “சொல்லு, சொல்லு. நல்லாத்தான் இருக்கு.” முன்வரிசையில் வந்து உட்காருவார். ‘ஆமாங்க, அவருதான்’ என்ற இடம் வருவதற்கு ஒரு நொடி முன்னாலேயே அப்பா சிரித்துவிடுவார். அவரைப் பார்த்துவிட்டுக் கூட்டம் சிரிக்கும். என் நேரக்கணக்கைக் கெடுக்கிறாரே என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். முதலில் சிரிக்கிறவனைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள் என்பது, இதையே தொழிலாகச் செய்த எனக்கு உறைக்கவில்லை.

போன வருஷம் அப்பாவுக்கு லேசாக ஒரு பக்கவாதம் வந்து போனது. இடது கை மட்டும் கொஞ்சம் சோம்பேறியானது. கொஞ்சம் தேறியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமிழர் கடைகள் நிறைந்த தேக்காவுக்குப் போய் வடை தின்ன வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேக்காவில் வடை தின்ன நினைக்கிறவனுக்கு மூளையிலும் பக்கவாதம் என்று சொன்னேன். குவீன்ஸ்டவுனிலிருந்து டாக்சி பிடித்துப் போனோம்.

கிராஞ்சி, துவாஸ் விடுதிகளிலிருந்தெல்லாம் வந்து இறங்கிய தொழிலாளிகளின் கூட்டம். ஒரு சாப்பாட்டுக் கடையில் ஓரமாக இரண்டு நாற்காலி கிடைத்தது. அப்பாவுக்குப் பாலும் சீனியும் இல்லாத தேநீர், தே ஓ கொசோங். எனக்குச் சீனியோடு. பக்கத்து மேசையில் ஒரு தொழிலாளி, முப்பது வயதிருக்கும், கைப்பேசியைத் தண்ணீர் போத்தலில் சாய்த்துவைத்து ஊரிலிருக்கும் மகனோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். கூட்டத்தின் சத்தத்தை மீற இருவரும் கத்தினார்கள்.

“எப்பப்பா வருவே?”

“ரெண்டு மாசத்துல வந்துடுறேன்டா தங்கம்.”

“போன தடவயும் அதாஞ் சொன்னே.”

அப்பா எடுத்த கோப்பையைக் குடிக்காமலே கீழே வைத்தார். பேச்சு முடிந்து அவர் கைப்பேசியை எடுத்ததும் அப்பா அந்தப் பக்கம் திரும்பினார்.

“தம்பி, மாசம் சொல்லாதீங்க. தேதி சொல்லுங்க.”

அந்த ஆள் திகைத்துவிட்டார். “டிக்கெட் இன்னும் போடலைங்க ஐயா.”

“அப்ப போட்டுட்டுச் சொல்லுங்க. அதுவரைக்கும் ஒண்ணும் சொல்லாதீங்க.”

“சரிங்கய்யா” என்றார் அவர். திட்டு வாங்கியதுபோல் இருந்தது அவர் முகம். நான் அவரைப் பார்த்து மன்னிப்பு கேட்கிற மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தேன்.

அப்பா என் பக்கம் திரும்பினார்.

“டேய், நான் போனா காரியத்துல பேரு கேப்பாங்கள்ல?”

“என்ன பேரு?”

“என் பேரு, எங்கப்பா பேரு. எல்லாம் கேப்பாங்க.”

“இப்ப எதுக்குப்பா அதெல்லாம்? வடை ஆறுது.”

“அங்க நீ ‘அவரு’ன்னு சொல்லாதே.”

“ஏம்ப்பா?”

“சிரிச்சிருவாங்க.”

நான் வடையைக் கீழே வைத்தேன்.

“வர்றவன் பூரா உன் ஆளுங்கதானே? எல்லாருக்கும் அந்த ஜோக்கு தெரியும். நீ வாயத் தொறக்கறதுக்குள்ள சிரிச்சிருவாங்க. நான் இருந்தா பரவால்ல, நானும் சேந்து சிரிச்சுக்குவேன். அன்னிக்கி நான் படுத்துக் கெடப்பேன்ல?”

“சரி, நெசமான பேரு என்ன? அதச் சொல்லிடுறேன்.”

“தெரிஞ்சா உன்கிட்ட ஏன்டா கேக்குறேன், அறிவாளி?” என் வடையில் பாதியைப் பிட்டு எடுத்துக்கொண்டார். “சின்னம்மாவுக்குத் தெரியும். போய்க் கேட்டுட்டு வா. நான் கேட்டதா சொல்லாதே.”

சின்னம்மா என்பவர், அந்த ‘அவரு’வின் தம்பி மனைவி. எனக்குப் பாட்டி முறை. ஆனால் அப்பா கூப்பிடுவதையே கேட்டு நானும் சின்னம்மா என்றுதான் கூப்பிடுவேன். தொண்ணூறைத் தாண்டிவிட்டார். புக்கிட் பாஞ்சாங்கில் மகன் வீட்டில் இருக்கிறார். புதுப்பெண்ணாக வந்து அந்த மனிதரோடு ஒரே வீட்டில் சில மாதம் இருந்தவர். அவரைக் கண்டவர்களில் மிஞ்சியிருப்பது இவர் ஒருவர்தான்.

மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். ரயிலில் அவளிடம் முழுக் கதையையும் சொன்னேன். மேடையில் கேட்டிருக்கிறாள், ஆனால் நான் கட்டிவிட்டது என்று நினைத்திருந்தாளாம்.

“சீரியஸ்லி-ப்பா? ஹிஸ் நேம் இஸ் லிட்டரலி ‘ஹீ’?”

“லிட்டரலி.”

“தாத்தா பாவம் லா” என்றாள். அதற்குப் பிறகு புக்கிட் பாஞ்சாங் வரும்வரை கைப்பேசியைத் தொடவில்லை.

சின்னம்மா சக்கர நாற்காலியில் சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். காது, கண், நாக்கு மூன்றும் என்னுடையதைவிடக் கூர்மை. நான் சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“மூத்தார் பேர நான் எப்படிடா சொல்லுவேன்? எம் புருசனுக்கு அண்ணன்டா அவரு.”

“அவரு செத்தே அம்பது வருஷம் ஆயிருக்கும் சின்னம்மா.”

“நீ பாத்தியா?”

நான் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

“நான் அவரு மூஞ்சியகூட நிமிந்து பாத்ததில்ல” என்றார். “அவரு வந்தா உள்ள போயிருவேன். போக முடியலன்னா எந்திரிச்சு, தலையக் குனிஞ்சு நிப்பேன். காலத்தான் தெரியும். பெருவிரலவிட அடுத்த வெரலு நீட்டு. அவரு பேரு யாராச்சும் சொல்லி எங் காதுல வுழுந்தாலும் எந்திரிச்சு நிப்பேன். இப்ப முட்டி வலி.”

“ஒரு குறிப்பாச்சும் குடுங்களேன்.”

குரலைத் தாழ்த்திக்கொண்டு, “மல மேல நிக்கிறவரு” என்றார்.

முருகன். அடைந்துவிட்டோம் என்று நினைத்தேன். முருகனுக்கு எத்தனை பெயர் என்பது அப்போது எனக்கு நினைவில்லை. மகள் கைப்பேசியில் தேடி ஒரு பட்டியலை எடுத்து நீட்டினாள். நான் ஒவ்வொன்றாகப் படித்தேன். சின்னம்மா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். எனக்கு ஒரு யோசனை வந்தது. உரக்கப் படித்துக்கொண்டே அவர் முட்டியையே பார்த்தேன். எந்தப் பெயருக்கு எழுந்திருக்கப் பார்க்கிறாரோ, அதுதான். முட்டி அசையவில்லை. பெயர் வரவில்லையா, வந்தும் வலி விடவில்லையா, தெரியாது. மகள் என் கையிலிருந்து கைப்பேசியை வாங்கிக்கொண்டாள்.

“போதும்ப்பா. பாவம்.”

அப்பாவிடம் வந்து சொன்னேன். முட்டியைக் கவனித்ததையும் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தேன். சிரித்தார், ஆனால் இந்த முறை நான் முடித்த பிறகுதான்.

“உன் கால நீட்டு” என்றார்.

நீட்டினேன். பார்த்தார். தன் காலையும் செருப்பிலிருந்து எடுத்து என் காலுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் அடுத்த விரல் நீட்டு. காலைத் திரும்பச் செருப்புக்குள் விட்டுக்கொண்டார்.

மழைக்காலத்தில் இரண்டாவது பக்கவாதம் வந்தது. ஆம்புலன்சில் பேசிக்கொண்டுதான் வந்தார். நாக்கு கொஞ்சம் குழறியது, அவ்வளவுதான். மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்கத் தள்ளிக்கொண்டு போனபோது வலது கையிலிருந்து ஒரு விரலைத் தூக்கினார்.

“வந்துர்றேன்.”

வந்தார். பேச்சு வரவில்லை.

சின்னம்மாவுக்கு நான்தான் போன் செய்தேன்.

“பேச்சு போச்சா?” என்றார்.

“ஆமா சின்னம்மா.”

“காது?”

“கேக்கும்னுதான் டாக்டர் சொல்றாரு.”

அந்தப் பக்கத்தில் மகனைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. பிறகு, “வர்றேன்” என்றார்.

மறுநாள் மத்தியானம் சக்கர நாற்காலியோடு ஏற்றுகிற வேனில் மகன் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நல்ல புடவை கட்டியிருந்தார். என்னையும் என் மகளையும் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். நாற்காலியைக் கட்டிலின் தலைமாட்டுக்குத் தள்ளப் போனேன். கையைக் காட்டி நிறுத்திக் கால்மாட்டுக்குக் கொண்டு போகச் சொன்னார். போர்வையின் நுனியைப் பிடித்துக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அப்படியே இருக்கு” என்றார்.

பிறகுதான் தலைமாட்டுக்குப் போனார். “எல்லாரும் வெளிய நில்லுங்க. அந்தத் துணிய இழுத்து வுடு.”

திரையை இழுத்து மூடினேன். அந்தப் பக்கம் அவரும் அப்பாவும். இந்தப் பக்கம் நானும் மகளும் சின்னம்மாவின் மகனும். அடுத்த கட்டில் சீனக் கிழவர் கைப்பேசியில் ஏதோ நாடகத்தைச் சத்தமாக வைத்திருந்தார். காது கொடுத்துக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. கேட்கவும் செய்தேன். நாடகத்தில் யாரோ அழுவதுதான் கேட்டது.

மருத்துவமனைத் திரைகள் தரைவரை வருவதில்லை. கீழே ஒரு முழம் இடைவெளி இருக்கும். சக்கர நாற்காலியின் மிதிபலகையில் சின்னம்மாவின் இரண்டு பாதங்களும் தெரிந்தன. கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தன. பிறகு ஒன்று தரைக்கு இறங்கியது. இன்னொன்றும் இறங்கியது. நாற்காலி கொஞ்சம் பின்னால் நகர்ந்தது. மகள் என் கையைப் பிடித்தாள்.

“ப்பா, ஷீ’ஸ் ஸ்டாண்டிங்.”

அந்த முட்டியோடு எழுந்து நின்றுகொண்டிருந்தார். அதனால் எனக்குத் தெரிந்தது, சொல்லிவிட்டார் என்று.

திரையை விலக்கியபோது அப்பாவின் கண் திறந்திருந்தது. வாய் கோணலாக ஒரு சத்தம் எழுப்பியது. ‘அ’ மாதிரி இருந்தது. குனிந்து கேட்டேன். மறுபடியும் அதேதான். அந்த எழுத்தில் எதுதான் தொடங்காது? அப்பா அதில் தொடங்கும். அவரு அதில் தொடங்கும். சின்னம்மா சொன்ன பெயரும் அதில் தொடங்கலாம். வெறும் மூச்சாகவும் இருக்கலாம் என்று நர்ஸ் பிறகு சொன்னார்.

அந்த வாரத்திலேயே அப்பா போய்விட்டார். இந்த முறை விரலைத் தூக்கவில்லை.

உடலை எடுத்த அன்றைக்குச் சடங்கு செய்யும் பண்டாரம் பெயர்களைக் கேட்டபோது அழுகைச் சத்தத்தில் என் பதில் யார் காதிலும் விழவில்லை, தப்பித்தேன். பதினாறாம் நாள் தப்பிக்க முடியாது. அதற்கு முதல்நாள் புக்கிட் பாஞ்சாங் போனேன்.

“சின்னம்மா, அப்பாகிட்ட சொன்னீங்கள்ல? என்கிட்ட ஒருவாட்டி சொல்லுங்க. நாளைக்கி எனக்கு வேணும்.”

“அது அவனுக்காகச் சொன்னது.”

“நான் அவரு பேரன்.”

“நீ கேக்கல. அவன் கேட்டான். உன்ன அனுப்பிச்சது அவந்தான்னு எனக்குத் தெரியாதா? எழுபது வருசமாக் கேட்டான்டா அவன், வாயத் தொறக்காம. கேட்டவன் வாங்கிட்டுப் போயிட்டான். வுடு.”

“அப்ப நான் என்ன சொல்றது?”

“உனக்குத் தெரிஞ்சதச் சொல்லு” என்றார்.

பதினாறாம் நாள் காரியத்தைக் குவீன்ஸ்டவுனில் அப்பாவின் அடுக்குமாடி புளோக்குக் கீழேயே வைத்தோம். கித்தானைக் கட்டி, பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டிருந்தோம். அப்பா சொன்ன மாதிரியே வந்தவர்களில் பாதிப் பேர் என் ஆட்கள். என்னோடு மேடையேறியவர்கள், என் பேச்சுக்கு வழக்கமாக வருகிறவர்கள், இரண்டு தடவை என்னைச் சிறப்பு விருந்தினராக அழைத்து மாலை போட்டவர். முன்வரிசையில், வழக்கமாக அப்பா உட்காரும் ஓரத்தில், சின்னம்மாவின் சக்கர நாற்காலி. பக்கத்தில் என் மகள்.

பண்டாரம் சின்னப் பையன். தமிழ்நாட்டிலிருந்து வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருக்கும். தர்ப்பையை என் விரலில் மாட்டினார்.

“இறந்தவங்க பேரு?”

சொன்னேன்.

“அவங்க தகப்பனார் பேரு?”

நான் எள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முருகன் பெயர்களில் ஒன்றைச் சொல்லிவிடலாம் என்று வரும் வழியெல்லாம் யோசித்திருந்தேன். எதைச் சொன்னாலும் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஆனால் அது வேறு யாரோ ஒருவரின் பெயராக இருக்கும். அப்பாவுக்குத் தெரிந்துவிட்ட பெயரை விட்டுவிட்டு, அவருக்குத் தெரியாத ஒருவரின் மகனாக அவரை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

“அவரு” என்றேன்.

“ஆமாங்கண்ணே, அவரு தகப்பனார் பேரு.”

“அவரு.”

“அவருன்னா யாருங்கண்ணே?”

“பேரே அதாங்க தம்பி.”

பையன் என்னை நிமிர்ந்து பார்த்தார். பின்னால், மூன்றாவது வரிசையில், யாரோ மூக்கால் மூச்சை இழுத்தார்கள். அந்த மூச்சை எனக்கு நன்றாகத் தெரியும். முப்பது வருஷமாக அதை எதிர்பார்த்துத்தான் மேடையில் நின்றிருக்கிறேன். அடுத்த நொடி சிரிப்பு வரும்.

சக்கர நாற்காலியின் பிரேக் போடும் சத்தம் கேட்டது. திரும்பினேன். சின்னம்மா இரண்டு கைப்பிடிகளையும் அழுத்திக்கொண்டு எழுந்துகொண்டிருந்தார். என் மகள் அவர் முழங்கையைப் பிடித்திருந்தாள். முழுதாக நிமிர முடியவில்லை. நிமிர்ந்தவரை நின்று, தலையைக் குனிந்துகொண்டார்.

சிங்கப்பூரில் பெரியவர் ஒருவர் எழுந்து நின்றால் அது ஏதோ நடைமுறை என்று மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள். பக்கத்திலிருந்தவர் எழுந்தார். அவரைப் பார்த்து அந்த வரிசை எழுந்தது. பிறகு அடுத்த வரிசை. மூச்சை இழுத்தவரும் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். எதற்கு நிற்கிறோம் என்று ஒருவருக்கும் தெரியாது.

பண்டாரம் நின்றவர்களைச் சுற்றிப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, அப்பாவின் பெயரையும் அதற்குப் பின்னால் அந்தப் பெயரையும் சேர்த்து, இழுத்துச் சொன்னார்.

சிரிப்பு வர வேண்டிய இடம் அது. பிளாஸ்டிக் நாற்காலிகள் சிமெண்டுத் தரையில் நகரும் சத்தம் மட்டும் கேட்டது.